கழிப்பிடச் சுவரில் ஒரு நாமம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்தே பல வருஷங்களை ஓட்டிவிட்டேன். இதற்கென்று இரண்டு நோட்டுகள் வாங்கினேன். முதல் நோட்டில் 'பெருமாள் துணை' என்று மேலே எழுதி, ஸ்கேல் வைத்து அதன் கீழே ஒரு கோடு போட்டேன். அத்தோடு சரி. அந்த நோட்டில் பிறகு என் சம்சாரம் மார்கழிக் கோலங்களை வரைந்து வைத்தாள். இரண்டாவது நோட்டில் ஒரு பக்கம் வரைக்கும் வந்தேன். படித்துப் பார்த்தால் அதில் நான் ரொம்ப நல்லவனாக இருந்தேன். கிழித்துப் போட்டேன்.

எங்கள் ஊரில் பெண்கள் கழிப்பிடத்தைப் பற்றி யார் பேசினாலும் என் பேரைச் சேர்த்துத்தான் பேசுவார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மைக் வைத்தே சொன்னார்கள். "இவர் எவ்வளவு பெரிய பக்தர் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் பெண்கள் நன்மைக்காக, சுவரில் இருந்த நாமத்தைத் தன் கையாலேயே அழித்தார்" என்று சொல்லி எனக்குச் சால்வை போட்டார்கள். நானும் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

அந்த நாமத்தை நான் அழிக்கவில்லை. அதை அங்கே போட்டதுதான் நான்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. இப்போது வந்தால் கம்பெனி பஸ்ஸும் வாடகை ரூமுமாகத் தெரியும். நான் சொல்வது தொண்ணூற்றொன்றாம் வருஷம். அப்போது எனக்கு ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம், ஒரு ஜோடி மாடு, பஜனைக் கோயிலில் ஜால்ரா தட்டும் உரிமை, இவ்வளவுதான் சொத்து. மூன்றில் ஜால்ராவைத்தான் நான் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஆனி மாதத்தில் பெங்களூர் ரோட்டுப் பக்கமிருந்து ஆட்கள் வந்து அளந்தார்கள். ரோட்டுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் இருந்த வேலிகாத்தான் புதரையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்து, கல் நட்டு, கம்பி வேலி போட்டார்கள். கம்பெனி வரப்போகிறது என்றார்கள். ஆண்கள் நாங்கள் டீக்கடையில் உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன வேலை கிடைக்கும் என்று பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். வாட்ச்மேன் வேலைக்கு மட்டும் நாலு பேர் போட்டி. பெண்கள் பேசியது வேறு. அந்தப் புதர்தான் விடியுமுன் அவர்கள் ஒதுங்கும் இடம். நாங்கள் ஏரிக்கரைக்குப் போகிறவர்கள், எங்களுக்கு அது உறைக்கவே இல்லை.

எனக்கு உறைத்தது காஞ்சிபுரத்தில். பெரிய மகளை அங்கே கொடுத்திருந்தோம். அவளுக்குத் தலைப்பிரசவம், ஐந்து மாதம் முடிந்திருந்தது. எப்போது தாய் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று கேட்க நானும் சம்சாரமும் போயிருந்தோம். சம்பந்தியம்மா காபி கொடுத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"கூட்டிகினு போங்க, நான் வேணாங்கல. ஆனா மாசமா கீற பொண்ணு உங்கூர்ல எங்க போவும்? இருந்த முள்ளுக் காட்டையும் வெட்டிட்டாங்களாமே."

"கவர்மெண்ட்ல கக்கூஸ் கட்டப் போறாங்க சம்பந்தி. டெல்லியிலர்ந்து பணம் வருது" என்றேன்.

"வரட்டும். கட்டி முடிச்சிட்டு ஆள் அனுப்புங்க, அன்னிக்கே அனுப்பி வைக்கிறேன். இல்லன்னா பிரசவம் இங்கியே நடக்கட்டும். எங்க வூட்டுப் பின்னாடி எல்லா வசதியும் கீது."

தலைப்பிரசவம் மாமியார் வீட்டில் நடந்தால் ஊரில் என்ன பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். மகள் கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீபெரும்புதூரில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் என் சம்சாரம் கேட்டாள். "அந்த டெல்லி பணத்துல பஜனைக் கோயிலுக்கு மண்டபம் கட்டப்போறேன்னு நேத்துகூட சொல்லிகினு இருந்தியே."

உண்மைதான். சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கிராமங்களில் வேலை இல்லாதவர்களுக்கு வேலை கொடுத்து, அந்த வேலையிலேயே ஊருக்குப் பொதுவாக ஒரு வசதி செய்துகொள்ள மத்திய அரசு மானியம் அனுப்பியது. மாநில அரசும் தன் பங்குக்குச் சேர்த்துக் கொடுத்தது. எங்கள் ஊர்ப் பங்கு வந்ததும் யூனியன் ஆபீஸ் ஓவர்சியர் ஒருநாள் பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம் போட்டார். ஊரே கூடி ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும், கான்ட்ராக்டர் கூடாது, உள்ளூர் ஆட்கள்தான் வேலை செய்யவேண்டும், கோயிலுக்கோ சர்ச்சுக்கோ அந்தப் பணம் போகக்கூடாது என்று தாளைப் பார்த்துப் படித்தார்.

ஒருவர் சிமெண்ட் ரோடு என்றார். ஒருவர் பஸ் நிற்கும் இடத்தில் நிழற்கூடம் என்றார். சம்பந்தியம்மா சொன்னது என் காதிலேயே இருந்தும் என் வாய் பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டது. "சமுதாயக் கூடம்னு எழுதிக்குங்க. உள்ள நாங்க பஜன பண்ணிக்கிறோம்."

"ஐயா, வெளிய கூடம்னு எழுதி உள்ள பெருமாள வச்சீங்கன்னா, ஆடிட்டுக்கு வர்றவரு பெருமாளக் கேக்கமாட்டாரு, என்னத்தான் கேப்பாரு" என்றார் ஓவர்சியர்.

அப்போதுதான் பால்வாடி டீச்சர் எழுந்தார். சர்ச் தெருக்காரர். எங்கள் ஊரில் பஜனைக் கோயில் தெரு ஒன்று, சர்ச் தெரு ஒன்று, இரண்டே தெருதான். இரண்டு தெருப் பிள்ளைகளுக்கும் மூக்கைச் சிந்திவிட்டு முதல் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

"எல்லாரும் ஒரு மணி நேரமா ஒக்காந்து பேசறீங்க. நாங்க எங்க போயி ஒக்கார்றதுன்னு ஒருத்தரும் கேக்கலியேண்ணே."

வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆண்கள் தரையைப் பார்த்தோம். எனக்குக் கதவுக்குப் பின்னால் நின்ற மகள் முகம் ஞாபகம் வந்தது. சட்டென்று எழுந்து, பெண்கள் கழிப்பிடம்தான் முக்கியம் என்று ஐந்து நிமிஷம் பேசினேன். பிறந்ததிலிருந்தே எனக்கு அந்த எண்ணம்தான் என்பதுபோலப் பேசினேன். மண்டபம் கேட்டது யாரோ வேறு ஆள் மாதிரி.

அந்தப் பேச்சே எனக்கு வினையாகிவிட்டது. கான்ட்ராக்டர் இல்லாததால் வேலையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து ஒரு பொறுப்பாளர் வேண்டும். குடிக்காதவன், கையெழுத்துப் போடத் தெரிந்தவன் என்று தேடினார்கள். இரண்டும் சேர்ந்து அமைந்த ஆள் அன்றைக்கு வராந்தாவில் நான் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தேன்.

இடம் பார்ப்பதிலேயே ஓவர்சியரை அழ வைத்துவிட்டேன். முதலில் காட்டிய இடம் சாமி ஊர்வலம் திரும்பும் முனை, வேண்டாம் என்றேன். அடுத்தது ஈசானிய மூலை. மூன்றாவது இடத்தில் காற்று கோயில் பக்கம் அடிக்கும். "நீங்க சொல்றதப் பார்த்தா ஏரிக்கு நடுவுல பரிசல்ல போயித்தான் கட்டணும்" என்றார் அவர். கடைசியில் இரண்டு தெருவும் சேரும் இடத்தில், பஸ்ஸுக்குப் போகும் பாதையை ஒட்டியிருந்த புறம்போக்கில் முடிவானது.

வேலை நல்லபடியாகவே நடந்தது. எந்தப் பெண்களுக்காகக் கட்டினோமோ அவர்களே செங்கல் சுமந்தார்கள். கூலியில் ஒரு பகுதி அரிசியாகக் கொடுத்தார்கள். ஆவணி பாதியில் ஆறு அறையும் வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டியுமாகக் கட்டடம் வெள்ளையடித்து நின்றது. தொட்டிக்குக் குடத்தில்தான் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். மேல்நிலைத் தொட்டியும் குழாயும் மீதி மானியத்தில் வரும் என்றார்கள். காஞ்சிபுரத்துக்கு ஆள் அனுப்பினேன். சம்பந்தியம்மா சொன்ன சொல் தவறவில்லை. வளைகாப்பு முடித்து மகளை அனுப்பி வைத்தார்.

வந்த மறுநாள் காலையில் அவள் சொம்போடு திரும்பி வந்து, "நல்லா கட்டியிருக்க நைனா" என்றாள். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் இல்லை. அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

பாதைப் பக்கம் இருந்த நீளச் சுவர் வெள்ளைவெளேரென்று இருந்தது. பஸ்ஸுக்குப் போகிற ஆண்கள் அதைப் பார்த்ததும் நின்றார்கள். ஒன்றுக்குப் போனார்கள். கழிப்பிடம் என்று ஆனபிறகு உள்ளே என்ன, வெளியே என்ன என்று நினைத்தார்களோ என்னவோ. 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று கரியால் எழுதினேன். முதலில் நனைந்தது அந்த எழுத்துதான். குச்சி எடுத்துக்கொண்டு காவல் நின்றேன். "இன்னா மாமா, டெல்லியிலர்ந்து வாட்ச்மேன் உத்தியோகம் போட்டு அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும் நேரம் பார்த்து வந்தார்கள்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. பெருமாளே மனதில் புகுந்து சொன்னார் என்று அன்றைக்கு நம்பினேன். பாவம், அவர் மேல் எத்தனையைத்தான் போடுவது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து போர்டு எழுதும் பெயிண்டரை அழைத்து வந்தேன். சுவரின் வலது பாதியில் ஆள் உயரத்துக்கு ஒரு நாமம், இரு பக்கமும் சங்கு சக்கரம். "மழைக்கும் வெயிலுக்கும் அசையாத பெயிண்டா போடு" என்று நானே சொன்னேன். நாமத்துக்குச் சர்ச் தெரு ஆண்கள் பயப்படுவார்களா என்று பெயிண்டர் சந்தேகம் கேட்டார். நியாயம்தானே என்று இடது பாதியில் ஒரு சிலுவையும் போடச் சொன்னேன். எம்மதமும் சம்மதம் என்று எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

சாயங்காலம் பால்வாடி டீச்சர் அந்தப் பக்கம் வந்தவர், பையை இடுக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"சிலுவையக் கொண்டாந்து கக்கூஸ்லயாண்ணே போடுவாங்க?"

"உள்ள இல்லியே டீச்சர், வெளியதான். காவலுக்கு."

"காவலுக்குன்னா ஒரு நாயக் கட்டியிருக்கலாமே."

மறுநாளே சுவர் காய்ந்தது. ஒரு ஆண்பிள்ளை அங்கே நிற்கவில்லை. சிலர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். மூன்று நாள் நான் பஸ்ஸுக்குப் போகிறவன் மாதிரி அந்தப் பாதையில் வேலையில்லாமல் நடந்தேன், யாராவது பாராட்டுவார்கள் என்று. நாலாம் நாள் சம்சாரம் சாதம் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஆம்பளைங்க நிறுத்திட்டாங்கன்னு பெருமயா சுத்திகினு கீற. பொம்பளைங்களும் நிறுத்திட்டாங்க. தெரியுமா?"

"ஏன்?"

"ஏன்னு என்னக் கேளு. வாசல்ல பெருமாள நிக்க வச்சிட்டு, அவரத் தாண்டி சொம்ப எடுத்துகினு உள்ள போன்னா எவ போவா? செருப்ப எங்க விடறது? அந்த மூணு நாள்ல இன்னா பண்றது?"

இதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததோடு, இன்னொரு காரியமும் செய்தேன். புரட்டாசி பிறந்தது. யாரோ நாமத்துக்கு எதிரே ஒரு அகல் வைத்தார்கள். யாரோ துளசிமாலை சாத்தினார்கள். சிலுவைக்குக் கீழே இரண்டு மெழுகுவத்தி எரிந்தது. முதல் சனிக்கிழமை காலையில் எங்கள் பஜனை கோஷ்டி தெருவைச் சுற்றி அந்தப் பக்கம் வந்தபோது, நாமத்தைத் தாண்டிப் போக யாருக்கும் கால் வரவில்லை. நின்று ஒரு பாட்டுப் பாடினோம். நான் ஜால்ராவை இடுப்பில் செருகிக்கொண்டு கற்பூர ஆரத்தி காட்டினேன். அரசாங்கக் கழிப்பிடத்துக்கு ஆரத்தி எடுத்தவன் இந்தத் தேசத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "டெல்லிக்கே நாமம் போட்டாரு நம்ம மாமா" என்று டீக்கடையில் ஒரு வாரம் சிரித்தார்கள்.

சிரித்ததெல்லாம் ஆண்கள். பெண்கள் இப்போது ஏரிக்கு அந்தப் பக்கம், உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் வரைக்கும் நடந்து போனார்கள். வெறும் ஆள் நடந்தாலே அரை மணி நேரம். என் மகளுக்கு எட்டாம் மாதம்.

மாதா மாதம் வரும் நர்சம்மா அவள் கண்ணை இழுத்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். "தண்ணியே குடிக்கறதில்லியா நீ? ஒடம்பு காஞ்சி கீது. வயித்துல கீற குழந்தைக்கு ஆவாது." மகள், "தாகமே எடுக்கலம்மா" என்றாள்.

நர்சம்மா போனபிறகு சம்சாரம் மாட்டுக் கொட்டகைக்கு வந்தாள். நான் புல் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அதுக்கு தாகம் எடுக்காம இல்லய்யா. தண்ணி குடிச்சா போவணுமேன்னு குடிக்காம கீது. ராத்திரி சோத்தயும் பாதிதான் துண்ணுது. அம்மாந்தூரம் நடக்க முடியல அதால."

நான் போட்ட புல்லையே திரும்ப எடுத்து மறுபடியும் போட்டேன். பிறகு மகளிடம் போனேன். அவள் தலைமாட்டில் சொம்புத் தண்ணீர் வைத்தது வைத்தபடி நிறைந்து இருந்தது.

"நீ பாட்டுக்குப் போம்மா. பெருமாளு ஒண்ணும் நெனச்சிக்கமாட்டாரு, நான் சொல்றேன்" என்றேன்.

"நீ சொல்லுவ நைனா. வயித்துல புள்ளய வச்சிகினு நான் எப்டிப் போறது? நாளைக்கி அதுக்கு ஒண்ணுன்னா எனக்கு அந்தச் சொவருதான் ஞாபகம் வரும்."

நாமத்தைக் கண்டால் நின்று கும்பிடவேண்டும், அசுத்தத்தோடு எதிரே போகக்கூடாது என்று அவளைத் தோளில் தூக்கிவைத்துச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். ஒரு எழுத்து மறக்காமல் வைத்திருந்தாள்.

ஐப்பசி முதல் வாரத்தில் ஜீப் வந்தது. டெல்லி பணத்தில் கட்டியதையெல்லாம் பார்வையிட மாவட்ட ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி. கூட ஓவர்சியர். அதிகாரி இறங்கி நாலடி வந்தார். நாமத்தைப் பார்த்தார், அகலைப் பார்த்தார். அப்படியே ஷூவைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு சாக்ஸோடு ஈரத்தில் நின்றுகொண்டு என்னைக் கேட்டார்.

"கோயில் நல்லா வச்சிருக்கீங்க. கழிப்பிடம் எங்க இருக்கு?"

"இதாங்கய்யா."

அவர் ஓவர்சியரைப் பார்த்தார். ஓவர்சியர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்க்க யாரும் இல்லை.

அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஜீப்பில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னார். "பெரியவரே, பயன்பாட்டில் இருக்கா இல்லையான்னு நான் ஒரே வார்த்தைதான் எழுதணும். அடுத்த வாரம் திரும்ப வரேன். அப்பவும் பொம்பளைங்க வரலைன்னா, மேல்நிலைத் தொட்டிக்கான மீதி நிதி வேற ஊருக்குப் போயிடும்."

அழித்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். யார் அழிப்பது என்பதுதான் மீதி. பெயிண்டர், "என் கை வரையறதுக்குத்தான், அழிக்க வேற ஆளப் பாருங்க" என்றார். கட்டடம் கட்டிய கொத்தனார் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அவர் வருஷா வருஷம் வேண்டிக்கொள்வார், போனது கிடையாது. மழை கரைத்துவிடாதா என்று இரண்டு நாள் பார்த்தேன். நல்ல பெயிண்ட். மழையில் கழுவக் கழுவப் புதுசு மாதிரி பளபளத்தது. மூன்றாம் நாள் நானே ஒரு செங்கல் துண்டை எடுத்துக்கொண்டு போய்ச் சுவருக்கு எதிரே நின்றேன். கை நாமம் வரைக்கும் போய், அங்கிருந்து என் கன்னத்துக்கு வந்து இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"பெருமாளையே கேட்டுகினு வந்துடறேன்" என்று சம்சாரத்திடம் சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலை பஸ் பிடித்து ஸ்ரீபெரும்புதூர் பெரிய கோயிலுக்குப் போனேன். என் பக்தியைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. அன்றைக்கு நான் உண்மையாகவே அழுதேன். சன்னதியில் நின்று, 'சாமி, உன் நாமத்தை அழிக்கட்டுமா? என் பொண்ணு தண்ணி குடிக்காமல் கிடக்கிறது, ஒரு வழி சொல்லு' என்று மனதுக்குள் கேட்டுவிட்டு, பதில் வரும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"நகருங்க, நகருங்க" என்றார் கோயில் ஆள்.

தீர்த்தம் வாங்கிக்கொண்டு மண்டபத்தில் உட்கார்ந்தேன். அதுதான் பதிலோ? பதில் என்றால், அழிப்பதற்கு நகர்ந்து போ என்றா, அந்தப் பாவத்தைவிட்டு நகர்ந்து போ என்றா? ஒரு மணி நேரம் அதை ஆராய்ந்தேன். பரீட்சைக்கு இவ்வளவு யோசித்திருந்தால் ஒன்பதாவது போயிருப்பேன். பிறகு சின்ன பாட்டிலில் கொஞ்சம் தீர்த்தமும் துளசியும் எடுத்துக்கொண்டு, முதலில் தீர்த்தம் தெளித்து, பிறகு பார்த்துக்கொள்வோம் என்று பஸ் ஏறினேன்.

இறங்கிப் பாதையில் வரும்போதே பேச்சுக் குரல் கேட்டது. கழிப்பிடத்துக்குச் சற்று முன்னால் ஒரு வைக்கோல் போர் இருந்தது. அதன் ஓரமாக எட்டிப் பார்த்தேன். சுவரருகே என் சம்சாரமும் பால்வாடி டீச்சரும் நின்றிருந்தார்கள். கையில் செங்கல் துண்டு. கீழே ஒரு பக்கெட்டில், வேலையில் மிஞ்சிய சிமெண்ட்டைக் கரைத்து வைத்திருந்தார்கள்.

"நீ ஆரம்பி டீச்சர்."

"எனக்குக் கை வரலக்கா. சின்ன வயசுலர்ந்து சிலுவைய எடுத்தா முத்தம் குடுத்துத்தான் பழக்கம்."

"எனக்கு மட்டும் வருதா? தெனம் காலைல முழிச்சா அந்த ஆளு நெத்தியில அதத்தான் பாக்கறேன்."

டீச்சர் மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணு பண்லாமாக்கா? நீ இந்தப் பக்கம் வா. நான் அந்தப் பக்கம் போறேன்."

"மாத்திக்கலாங்கிறியா?"

"உங்க சாமிக்கு நான் யாருன்னே தெரியாது. என்ன ஒண்ணும் கோச்சிக்கமாட்டாரு."

"உங்க சாமி?"

"அவரு மன்னிக்கறதுக்குன்னே வந்தவருக்கா."

"அப்ப எனக்குத்தான் சுலுவான வேல" என்று சொல்லி என் சம்சாரம் சிரித்தாள். இடம் மாறிக்கொண்டார்கள். தேய்க்கப் போனவள் நின்று, "உங்க சாமிகிட்ட இன்னா சொல்லணும்?" என்று கேட்டாள்.

"ஆண்டவரே மன்னிச்சிக்குங்கன்னு சொல்லு, போதும். உங்க சாமிக்கு?"

"கோவிந்தான்னு சொல்லிட்டுத் தேயி."

டீச்சர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "கோவிந்தா" என்றார். அவ்வளவு பயபக்தியாக அந்தப் பேரை நான் ஜால்ராவோடு ஒருநாளும் சொன்னதில்லை. இருவரும் சுரண்ட ஆரம்பித்தார்கள்.

நான் போய் அந்தச் செங்கல் துண்டை வாங்கியிருக்கலாம். பத்தடி தூரம்தான். இதைத்தான் இத்தனை வருஷமும் எழுத முடியாமல் இருந்தேன். போனால் பாவத்தில் எனக்கும் பங்கு வரும், போகாவிட்டால் காரியம் தானாக முடியும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. தீர்த்த பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, கழுத்தெல்லாம் வைக்கோல் அரிக்க, சிமெண்ட் பூசி முடிக்கும் வரைக்கும் போருக்குப் பின்னாலேயே நின்றேன். பிறகு ஏரிப் பக்கமாகச் சுற்றி வீட்டுக்குப் போனேன்.

சம்சாரம் வீட்டுத் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னாரு பெருமாளு?"

"நகருன்னாரு."

"நல்லது. இங்க அவரே நகந்துட்டாரு" என்றாள். என் கழுத்தில் ஒட்டியிருந்த வைக்கோல் துரும்பை எடுத்து, அதை ஒரு நிமிஷம் பார்த்து, கீழே போட்டாள். அதற்குமேல் அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றுவரைக்கும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் மகள் சொம்பை எடுத்துக்கொண்டு தனியாகவே போனாள். நான் வாசலில் மாட்டைக் கட்டுகிறவன் மாதிரி, கட்டிய மாட்டையே திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவள் நேராக உள்ளே போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு நின்றபடியே குடித்தாள். மறுபடியும் மொண்டு குடித்தாள். தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

அதிகாரி சொன்னபடி வந்தார். இந்தத் தடவை ஷூவைக் கழற்றவில்லை. சுவரில் சாம்பல் நிறத்தில் இரண்டு திட்டு. உள்ளேயிருந்து ஒரு பெண் சொம்போடு வந்து, ஜீப்பைப் பார்த்ததும் திரும்ப உள்ளே ஓடினாள். அதைவிட நல்ல அத்தாட்சி எந்த ஆபீஸிலும் கிடைக்காது. "யாரு அழிச்சது?" என்று அதிகாரி கேட்டார். ஓவர்சியருக்கு உண்மை தெரியாது. "இவருதான் சார், பொறுப்பாளர். பெரிய பக்திமான்" என்று என்னைக் காட்டினார். அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சம்சாரமும் டீச்சரும் அங்கேதான் நின்றார்கள். நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்ததுபோல இருந்தது. நான் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அப்டியே இருக்கட்டும்ணே. நான் நாமத்த அழிச்சேன்னு வெளிய போனா நல்லா இருக்காது" என்றார். அது நியாயமான பயம். வருஷம் போகப் போக இன்னும் நியாயமாகிக்கொண்டே வந்தது. அதைச் சொல்லியே நானும் என் மௌனத்துக்குச் சமாதானம் தேடிக்கொண்டேன். ஆனால் டீச்சர் என்னை மௌனமாக இருக்கத்தான் சொன்னார், சால்வை வாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை.

கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. சம்பந்தியம்மா பார்க்க வந்து இரண்டு நாள் தங்கினார். புதுக் கழிப்பிடத்துக்குப் போய்வந்து, "பரவால்ல" என்றார். அவரிடம் அது பெரிய வார்த்தை. மேல்நிலைத் தொட்டியும் குழாயும் தை மாதத்தில் வந்தன.

டீச்சர் இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் நானும் சம்சாரமும் போய்ப் பார்த்தோம். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்கண்ணே. ஆனா முழுசா எழுதுங்க. பாதியா எழுதுனாத்தான் பயம்" என்றார். சம்சாரம், "வைக்கப் போர வுட்டுடாதே" என்றாள். அவளுக்கு அன்றைக்கே தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறுதியானது.

அதனால் முழுதாக எழுதிவிட்டேன். படித்தவர்கள் யாரிடமாவது சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். டீச்சர் நாமத்தை அழித்தார் என்று சொன்னால், அதே மூச்சில் என் சம்சாரம் சிலுவையை அழித்ததையும் சொல்லுங்கள். இருவரும் எதைச் சொல்லிவிட்டுத் தேய்த்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அங்கே போட்டவன் நான். அழிக்கும்போது வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றவனும் நான். வயசான ஆள், போகட்டும் என்று இரக்கப்பட்டு, என்னை அந்தச் சுவர்ப் பக்கம் இரண்டடிகூட நகர்த்தி வைத்துவிடாதீர்கள்.